எட்டாம் எண் கார்ட்

14.3.1989, செவ்வாய்

காலையில் வகுப்புக்குப் போனால் ஒரு கம்பியூட்டரும் மற்றதோடு கதைக்கவில்லை. நேற்று நானேதான் ஒவ்வொன்றுக்குள்ளும் நெற்வேர்க் கார்ட் பூட்டி, வயரால் இணைத்து, சரிபார்த்துவிட்டு வந்தேன். மதியம் வரை வயரைச் சோதித்தேன். பிழை அதில் இல்லை.

கார்டில் உள்ள குட்டிச் சுவிட்சுகளால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைப்போம். அதைப் பார்த்துத்தான் செய்தி உரிய கம்பியூட்டருக்குப் போகும். இரண்டுக்கு ஒரே எண் என்றால் எல்லாம் குழம்பிவிடும். என்னுடையது ஒன்பது. என்னோடு படிப்பிக்கும் ரதி அக்காவின் கார்டைக் கழற்றினால் அதிலும் ஒன்பது.

"அக்கா, நான் எட்டெல்லோ வைச்சனான்?"

"ஓம், நான்தான் மாத்தினனான். எட்டு எனக்கு வேண்டாம்."

"படிச்ச நீங்களே உப்பிடிச் செய்தால்?"

அவர் கோபிக்கவில்லை. "என்ர தம்பி கொழும்புக்குப் போனது போன மாதம் எட்டாந் திகதி. இன்னும் ஒரு சேதியும் இல்லை."

ஒன்பதை அவருக்கே விட்டு, எட்டை நான் எடுத்துக்கொண்டேன். உடனே எல்லாம் வேலை செய்தன. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

பின்னேரம் சுன்னாகத்துக்குப் போன என் அண்ணை இரவாகியும் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. சைக்கிள் காற்றுப் போயிருக்கும். வாசல் படலைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

கார்டில் எண்ணுக்குப் பஞ்சமில்லை. நாளைக்கு என்னுடையதைப் பத்தாக்கிவிடுவேன்.