குழாய் இருந்த இடம்

அன்புள்ள மேஸ்திரி,

இதை நானே எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. ஒரு வரிக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது, ஆனாலும் வாய்கொள்ளாத சிரிப்பு. என்னைக் கைநாட்டு என்று கேலி செய்ய இனி உனக்கு வழியில்லை.

சிவில் படித்த என் மருமகள், ஜி.ஐ.எஸ். என்று கம்ப்யூட்டரில் மேப்பு போடக் கற்கிறாள். போன வாரம் தெருவில் வால்வு மூடிகள் இருக்கும் இடங்களை அளந்து வந்து, நம் காலத்துக் குடிநீர்க் குழாய் மேப்போடு பொருத்தினாள். தெருப் பெயர்களை நான் வாசித்துச் சொன்னேன்.

"மாமா, பழைய மேப்புல குழாய எட்டடி தள்ளிப் போட்டிருக்காங்க. இத நம்பித் தோண்டினா யாரா இருந்தாலும் உடைச்சிருப்பாங்க."

அன்று தோண்டும்போது நீ குழாயை உடைத்தது அங்கேதான். அதனால் உன் வேலை போய் இருபத்திரண்டு வருடம்.

"தப்பு மேப்பு மேலதான், ஆள் மேல இல்ல" என்றாள். தலையாட்டினேன்.

விசாரணையில் நீ குடித்திருந்தாய் என்று சொன்னது மேப்பு இல்லை, நான். அன்று நீ ஒரு சொட்டும் தொடவில்லை. உன் இடம் எனக்குக் கிடைத்தது.

இதையே நம் பழைய அலுவலகத்துக்கும் எழுதி, நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். நீ பதில் போட வேண்டாம்.

உன் பழைய கூட்டாளி