தின்னாத லட்டு

11.11.1979, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ரிங்லெட்டில் கல்யாணம். எஸ்டேட் லோரியில் நின்றபடி போனோம். பாவாடை ஓரமெல்லாம் சேறு.

பந்தியில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் பெரியம்மா. (அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்ததிலிருந்து எங்களோடு. இனிமேல் பெ.மா. என்றே எழுதுவேன், கை வலிக்கிறது.) லட்டு பரிமாறிக்கொண்டு வந்த பெண் பெ.மா.வின் இலையை மட்டும் தாண்டிப் போனாள்.

"ஒங்களுக்கு வேணாம்லா. சக்கர இருக்காமே."

எதிர்வரிசை மாமா: "அவங்களுக்கு எலைய மட்டும் போடு. அதுல இனிப்பு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பெ.மா.வும். பிறகு பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டாள். முன்கூட்டியே சொல்லி வைத்தது அம்மாதான். திரும்பும்போது லோரியில் பெருமையாகச் சொன்னாள்.

பையில் போட்டுக் கொடுத்த லட்டு இரண்டு. இரண்டையும் நானே தின்றேன்.

13, செவ்வாய்

குளிர். விரல் மடங்கவில்லை. நூலகப் புத்தகம் இன்னும் பாதி பாக்கி, வியாழன் திருப்ப வேண்டும்.

கரியடுப்புப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே பெ.மா., நாளெல்லாம் கொழுந்து பறித்து நனைந்த காலை அடுப்பு விளிம்பில் வைத்துக்கொண்டு. கருகல் நாற்றம். சோறு என்று நினைத்தேன். அவளுடைய காலுறை. குதிகாலில் புகை. அவள் அசையவில்லை, நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் காலைப் பிடித்து இழுத்தேன். உறையோடு தோலும் வந்தது.

"வலிக்கலையா?"

"அந்தக் காலு ரொம்ப நாளா மரத்துக் கெடக்கு. அன்னிக்கு மலையில செருப்பு கழண்டு போச்சு. தெரியாமலே நடந்திருக்கேன்."

எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் டிரெசரிடம் காட்டலாம் என்றேன்.

"அவன் வேலைக்குப் பேரு போடற கிராணிக்கு எழுதிடுவான். மரத்த காலோட சரிவுல நிக்க விட மாட்டாங்க." காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு: "மேல நிக்கிறப்ப மட்டுந்தான்டி யாரும் என் வாயப் பாக்கிறதில்ல. அதையும் புடுங்கிறாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தில் ஒரு வரியும் ஏறவில்லை.

16, வெள்ளி

புண்ணில் துணி சுற்றி, அப்படியே வேலைக்குப் போய் வருகிறாள். இன்று துவைக்கும்போது அந்தத் துணியில் சீழ்க்கறை. அம்மா பார்த்துவிட்டாள்.

"முள்ளு குத்துச்சு" என்றாள் பெ.மா.

"முள்ளு குத்தினா இப்படியா சீழ் வைக்கும்? என்னாத்தத் தின்ன? கல்யாண வீட்டு லட்டா?"

பெ.மா. என்னைப் பார்த்தாள். "ஆமா. ரெண்டும் தின்னேன்."

வாயைத் திறந்தேன். அவள் பார்வையை எடுக்கவில்லை. மூடிக்கொண்டேன்.

அம்மா அழுதாள், நடுநடுவே திட்டினாள். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். திருட்டுத் தீனிக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு, பெ.மா. நிம்மதியாக அரிசி புடைக்கப் போனாள்.

17, சனி

அம்மா பெ.மா.வை டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போய் லட்டு விஷயத்தைச் சொன்னாள், நானும் கூட. பெஞ்சில் ஆறேழு பேர். டிரெசர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "பேரப்புள்ள எடுக்கிற வயசுல நாக்க அடக்கத் தெரியலையா?"

பெ.மா.வுக்குப் பிள்ளையே இல்லை. "தெரியல ஐயா" என்றாள்.

துணியை அவிழ்த்ததும் அவர் குரல் இறங்கியது. "முள்ளு இல்லையே இது. சுட்ட புண்ணு." கண்ணை மூடச் சொன்னார். "பாதத்த ஊசியால தொடுவேன். எங்கன்னு சொல்லு."

பெ.மா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கட்டைவெரல்... இப்ப நடுவுல... இப்ப ஓரத்துல."

ஊசி இன்னும் தட்டில்தான் இருந்தது. பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டிரெசர் சிரிக்கவில்லை. எழுத உட்கார்ந்தார்.

19, திங்கள்

வெயில். நாளை தாப்பா ஆஸ்பத்திரி. மலை வேலையிலிருந்து பெ.மா.வின் பெயரைக் கிராணி எடுத்துவிட்டார்.

விடிந்ததும் மற்றவர்கள் கூடையோடு ஏறினார்கள். கடைசி ஆள் வளைவில் மறையும்வரை பெ.மா. வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். அம்மா சீனி போடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பெ.மா.வின் தலையைத் தடவிவிட்டாள்.

"போவுது விடுக்கா. இனிமே நாள் பூரா என் கண்ணு முன்னாலேயே இருப்ப."