அப்பனால் போட முடியாத கையெழுத்து

குலசேகரம்,
14.7.2011

அன்பு மருமகள் ஜாஸ்மிக்கு,

மாமா ராஜையன் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். மஸ்கட்டில் வெயில் கடுமை என்றார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு வாரத்தில் பாதி நாள் நின்றுபோகிறது.

மகன் ஜெப்சன் சாகுமுன், எல்லாம் உனக்கே என்று எழுதி, கம்ப்யூட்டரில் கையெழுத்திட்டு உனக்கு அனுப்பிய உயிலை வக்கீல் சத்தியநேசனிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். டெண்டர் போடவும் வரிக்கணக்கு கொடுக்கவும் அந்தக் கையெழுத்து செல்லுமாம். உயிலுக்குச் செல்லாதாம். காகிதத்தில் பேனாவால் போட்டு, இரண்டு சாட்சியும் வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. உயில் இல்லை, பிள்ளையும் இல்லை என்றால் பாதி மனைவிக்கு, பாதி அப்பனுக்கு.

அவன் ஏன் பேனாவைத் தொடவில்லை தெரியுமா? அவன் காலேஜில் படித்தபோது, அவன் பங்குப் பலாமரங்களை விற்க அவன் கையெழுத்தை நானே போட்டேன். அவனாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் பென்டிரைவ் மாதிரி ஒன்றைக் காட்டி, "இது அப்பனால போட முடியாத கையெழுத்தாக்கும்" என்றான். உண்மைதான், என்னால் போட முடியாது. போட வேண்டிய அவசியமும் வரவில்லை.

தோட்டமும் வீடும் உன் நர்ஸ் சம்பளத்தில் வாங்கியவை என்று எழுதியிருந்தாய். யார் இல்லை என்றது? ஊரில் எல்லோரையும் போலப் புருஷன் பெயரில் பதிந்தீர்கள். யார் சம்பளம் என்று பத்திரத்தில் எழுதுவதில்லையே. பாதி உன்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். போன வாரம் நாங்கள் குடிவந்துவிட்டோம். "அந்தப் பிள்ளைக்க வியர்வையாக்கும், விட்டுருங்க" என்று உன் மாமி நேசபாய் அழுகிறாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகைதான்.

ஜெப்சன் கல்லறைக்குக் கல் சொல்லியிருக்கிறேன். அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறது. அடுத்த மாதம் வந்து உன் பாதியையும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அந்த வரியில் "அன்பு மனைவி ஜாஸ்மி" என்று வெட்டச் சொல்கிறேன். வராவிட்டால் ஒரு வேதவசனம் போட்டு நிரப்பிவிடுவேன். கல்வெட்டுகிறவர் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்.

உனக்கு முப்பது வயதுதான். வேலை இருக்கிறது, ஆரோக்கியம் இருக்கிறது. தினமும் குடும்ப ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். விதவைகளைக் கர்த்தர் ஒருநாளும் கைவிடமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா ராஜையன்