ஜப்பானுக்குப் போகாத அண்ணாவுக்கு

என் அண்ணா,

இல்லை, இன்னும் சொல்லவில்லை.

நீ அதைத்தான் முதலில் கேட்பாய். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீ செத்து மூன்று கிழமை தாண்டிவிட்டது. இந்த வீட்டின் முன்பக்கத்தில் நீ ஜப்பானில் படித்துக்கொண்டிருக்கிறாய். பின்பக்கக் குசினியில் நீ இல்லை. நான் இரண்டுக்கும் நடுவில் தேத்தண்ணி கொண்டு திரிகிறேன்.

சிரிக்காதே. இந்தப் பகிடியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நீதான்.

மூடிய பெட்டி. உள்ளே ஒரு பூனை, ஒரு நச்சுக் குப்பி. குப்பி உடைந்திருக்கலாம், உடையாமலும் இருக்கலாம். திறந்து பார்க்கும்வரை பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது. ஏ.எல். பிள்ளைகளுக்கு நீ பௌதிகம் படிப்பித்த காலம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாமே அந்தப் பூனைதான். மூடிய சட்டிக்குள் மீன் கறி இருக்கிறது, இல்லை. நிலாவெளி பஸ் வருகிறது, வரவில்லை. உனக்குப் பேசிய கல்யாணம் சரி, சரியில்லை.

அம்மாவுக்கு மட்டும் இந்தப் பூனைக் கதையைக் கட்டிய விஞ்ஞானிமேல் கோபம். "வாயில்லாச் சீவனைப் பெட்டிக்குள்ள போட்டுப் பார்க்கிறதோ? அந்த மனிசனுக்கு வீட்டில வேலை வெட்டி இல்லையோ?" என்று கேட்டா. அவரே அதைப் பகிடியாகத்தான் சொன்னவர் என்று நீ விளங்கப்படுத்தினாய். உங்கள் கணக்குப்படி பார்த்தால் இப்படி ஒரு கூத்தும் நடக்க வேண்டுமே என்று மற்ற விஞ்ஞானிகளை மடக்கச் சொன்னது. பகிடி மறந்துபோய்விட்டது, பூனை மட்டும் மிஞ்சியது என்றாய்.

மாமாவின் ஜப்பான் பொய்யும் அப்படித்தான். நிலைத்து நிற்கச் சொன்னதில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்திருந்தார். மகன் எங்கே என்று கேட்டார். கட்டில் பக்கத்தில் நின்ற மாமாவுக்கு நீ கந்தளாயில் லொறியோடு மோதிய செய்தி அப்போதுதான் போனில் வந்திருந்தது. நீ ஜப்பான் புலமைப்பரிசிலுக்கு எழுதிப்போட்டது மாமாவுக்கு ஞாபகம் வந்தது. ஜப்பான் என்றார். நானும் அம்மாவும் ஊருக்கு வந்து உன்னை எரித்தோம். அப்பா வீட்டுக்கு வரும்போது முற்றத்தில் கொட்டகை இல்லை. ஒழுங்கையில் வெள்ளைக்கொடி இல்லை.

ஏன் போன் எடுக்கிறான் இல்லை என்று கேட்டார். முதல் ஆறு மாதம் விடமாட்டார்கள் என்று மாமா சமாளித்தார்.

"அது படிப்போ, மறியல் சிறையோ?"

அப்பாவும் பகிடிக்காரர்தான். அதுதான் கஷ்டம்.

சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டில் சாமியறை விளக்கு ஏற்றுவதில்லை. அப்பா வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஏன் விளக்கில்லை, ஏன் அம்மன் கோயிலுக்குப் போகவில்லை என்று கேட்டார். அம்மா போய் விளக்கேற்றினா. அவவின் வாழ்நாளில் அப்படியொன்று செய்ததில்லை. திரும்பி வந்து குசினியில் கிரைண்டரைப் போட்டுவிட்டு அழுதா. இப்போது தினமும் கிரைண்டர் ஓடுகிறது. தினமும் சம்பல்.

எங்கள் சல்லி ஊர் முழுவதும் இந்தப் பொய்யைச் சுமக்கிறது. அயலட்டைச் சனம் சமைத்துக் கொண்டுவருவது செத்த வீட்டுக்கு. அப்பாவின் நினைப்பில் அது ஒப்பரேஷன் செய்த வீட்டுக்கு. வாசல் படலையடியில் கதிரை போட்டு இருந்துகொண்டு போகிற வருகிறவர்களிடம் உன் ஜப்பானைப் பற்றிக் கதைக்கிறார். உன் பாடையைத் தூக்கியவர்கள் நின்று கேட்டுவிட்டு, ஓம், கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, அண்ணா. துக்கம் வேறு. இது களைப்பு. காலையில் எழும்பி உன்னை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். உன் நண்பர்கள் சந்தியில் கட்டிய, உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பனரை அப்பா வருவதற்கு முன் மாமா கழற்றச் சொன்னவர் அல்லவா? தடித்த பிளாஸ்டிக். யார் எறிவார்கள்? புஷ்பம் மாமி அதை மணலில் விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தா. ஒரு மூலை காற்றில் புரண்டு உன் முகம் வானத்தைப் பார்த்தது. உன் நெற்றியில் ஒரு பூனை. உயிரோடு. நெத்தலி தின்றுகொண்டு.

என்னைக் கண்டதும் மாமி ஓடிவந்தா. "பிள்ளை, தம்பிட முகம் கீழ இருக்கத்தான் விரிச்சனான். காத்துப் பிரட்டிப்போட்டுது." நான் மணலில் குந்திவிட்டேன். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று கேட்டா. இரண்டும் என்றேன்.

அதன்பிறகுதான் பயம் வந்தது. நாளை முதல் அப்பா கடற்கரை வரை நடக்கப்போகிறார். கிளினிக்கில் டொக்டர் சொன்னவர். மகன் செத்ததைச் சொல்லலாமா என்று நான் தனியே கேட்டதற்கு, இனிச் சொல்லலாம், ஆனால் தனியே விடாதீர்கள் என்றும் சொன்னவர். அம்மாவும் மாமாவும் சம்மதிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்தை மாமா மட்டும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்ச் செய்துவிட்டு வருவதாம். "அத்தானுக்குத் தெரியத் தேவையில்லை. கந்தளாய்ப் பக்கம் எதுக்குப் போனவன் எண்டு கேட்பார். என்ன சொல்லுவாய்?" என்று மாமா கேட்டார்.

அதுதானே எல்லாம். நீ லொறியில் மோதியதைச் சொல்லிவிடலாம். அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில் மோதினாய் என்பதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தன்னால்தான் போனாய் என்று நினைப்பார். நினைக்காமல் இருப்பாரா? எனக்குத் தெரியாது. உன் பெட்டிக் கதையில் ஒன்று மட்டும் நீ சொல்லித்தரவில்லை. திறக்கிறவர் யார்? திறந்தபின் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்?

காற்றுத் திறப்பதைவிட நான் திறக்கிறேன். நெத்தலிக்கு நடுவில் உன்னைக் கண்டுபிடிக்க அவரை விடமாட்டேன். கன்னியாவுக்கு மாமா தனியே போகமாட்டார். அப்பா வருவார். எள்ளும் தண்ணீரும் அவர் கையால்தான் உனக்கு. இது என் வாக்கு.

உன்னோடு கூடப்பிறந்த ஒரே ஒருத்தி,
தங்கச்சி

பி.கு.: இன்று காலை அப்பா நடக்க வெளிக்கிட முன்னம், மாமாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் காலடியில் குந்தியிருந்து சொன்னேன். கந்தளாய் என்றதும் எங்கே போகும்போது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.