எலுமிச்சம்பழமும் அடுத்த பந்தும்

அன்பு மகள் நிரூபாவுக்கு,

பென்டில் ஹில்லிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். விளையாடப் போன ஜப்பானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டு சுகமாயிருக்க முருகனை மன்றாடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி வாசித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்புவாய், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

போன கிழமை நீ அனுப்பியதைப் பத்துத் தரம் வாசித்துவிட்டேன். ஐந்து ஆட்டமாக ஒரு பந்தும் சரியாக அடிபடவில்லை, பேஸ்போலை விட்டிட்டு வீட்டை வரட்டோ அம்மா என்று கேட்டிருந்தாய். கவலையாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அப்பாவோ உடனே, ஓம், வரட்டும், இஞ்சை வேலைக்கோ பஞ்சம் என்றார். அவர் கிடக்கட்டும், முதலில் என் கதையைக் கேள்.

கார் லைசென்ஸ் சோதனையில் நான் மூன்று தரம் பெயில் என்று உனக்குத் தெரியும். மூன்றாம் தரம் நடந்ததை மட்டும் வெட்கத்தில் மறைத்துவிட்டேன். அப்பா எனக்குச் சொல்லாமல் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார். சோதிக்க வந்த பெண் காரை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன், சதக்கென்று ஒரு சத்தம். எதையோ ஏற்றிக் கொன்றுவிட்டேன் என்று பயந்து நான் பிரேக்கை மிதித்த மிதியில் அவளுடைய பேனை முன்கண்ணாடியில் போய் அடித்தது. பிறகு அந்தப் பதற்றத்தில் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்காமலே லேன் மாறினேன். அன்று குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதபோது நீதான் போனில் சொன்னாய், ஒரு கொப்பியை எடுங்கோ அம்மா, பிழைச்சதை ரெண்டு வரி எழுதிப்போட்டு மூடி வையுங்கோ, பத்துத் தரம் போய் மூண்டு தரம் அடிக்கிறவள்தான் எங்கடை விளையாட்டிலை கெட்டிக்காரி, கை நடுங்கினால் நடுங்கட்டும், கண் அடுத்த பந்திலை இருக்கட்டும் என்று. பத்துக்கு மூன்று எங்கள் வீட்டில் பெயில் அல்லவா என்று நினைத்தேன், ஆனாலும் எழுதினேன். தோளைப் பார்க்காதது என் பிழை. எலுமிச்சம்பழம் என் பிழை இல்லை.

தினமும் கதிரையில் இருந்து நூறு தரம் தோளைத் திரும்பிப் பார்த்துப் பழகினேன். பக்கத்து வீட்டு யோகா அன்ரி கழுத்துச் சுளுக்கோ என்று எண்ணெய் கொண்டுவந்து தந்தா. நேற்று நாலாம் தரம் போனேன். அதே பெண்தான். ஏறமுதல் நான் குனிந்து சில்லுக்குக் கீழே பார்த்தேன், அவளும் குனிந்து பார்த்தாள். கை நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். பாஸ், பிள்ளை, பாஸ்! அப்பா கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார், தன்னுடைய எலுமிச்சம்பழம் பிந்தி வேலை செய்ததாம்.

ஆகையால் இப்போது வராதே. சீசன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீ எனக்குச் சொன்னதை நீயே செய், எழுது, மூடு, அடுத்த பந்தைப் பார். அதற்குப் பிறகு அடித்தாலும் அடிக்காவிட்டாலும் என் பிள்ளை வீட்டுக்கு வரலாம். அப்பாவைப் பின் சீட்டில் இருத்திவிடுவேன், முன் சீட் உனக்கு.

முருகன் உன் கைக்கும் கண்ணுக்கும் துணை நிற்பான். மிளகாய்த்தூளை ஈரக் கரண்டியால் அள்ளாதே.

உன்னை ஏற்ற விமான நிலையத்துக்குத் தானே காரோட்டி வரப்போகும்
அம்மா
சிவாஜினி