மிஷினுக்கு வைத்த மஞ்சள்

அன்புள்ள அம்மாவுக்கு மலர்க்கொடி எழுதுவது. ஸ்காட்லாந்துல குளிர்தான், ஆனா நான் சுகம். உங்க முட்டிவலி எப்படி? அப்பா மோட்டார் சைக்கிளை மெதுவா ஓட்டுறாரா?

நம்ம மெர்லிமாவ் தோட்டத்துல எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனையை அழுக வைக்கிற காளானுக்கு இங்கே லேப்ல மருந்து தேடுறோமில்ல? காளான் செத்தா புற ஊதா விளக்குல சோதனைத் தட்டு ஒளிரும். நேற்று ஒரு தட்டு பளிச்சுன்னு ஒளிர்ந்ததும் புரொபசர் துள்ளிக் குதிச்சார். அப்புறம்தான் என் கையுறையைப் பார்த்தேன். ஆயுத பூஜைன்னு மிஷினுக்கு மஞ்சள் பூசின கையுறையோடயே தட்டைத் தொட்டிருக்கேன். அந்த விளக்குல மஞ்சளும் ஒளிரும்மா!

உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். திரும்பச் செய்யணும், அவ்வளவுதான் லா. இப்போ அவர் மிஷினுக்கும் பொட்டு வேணுமாம். குங்குமம் மட்டும் அனுப்புங்க, மஞ்சள் வேணாம்.

பஸ் வந்திருச்சு, முடிக்கிறேன். அந்தக் கையுறையை மட்டும் இன்னும் வீசலைம்மா. நம்ம வீட்டுச் சாமிமேடை வாசம் அடிக்குது.

உங்க மலர்