நின்ற பஸ்ஸும் வேலைதான்

அன்புள்ள பாரூக் நானா,

உங்கள் மகனுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். பெரஹரா ஊர்வல நாட்களின் விசேட கொடுப்பனவை இந்த வருஷம் ஓடிய ட்ரிப்பை எண்ணித்தான் கொடுத்தார்கள். பகல் பெரஹராவன்று பாதையை மூடியதால் ரியாஸின் பஸ் ஆற்றுக்கு மேலே தென்னக்கும்புர ஏற்றத்தில் சனத்தோடு நின்றுவிட்டது. அந்த நாளுக்கு அவனுக்கும் ஒன்றுமில்லை, அவனுடைய கொண்டக்டருக்கும் ஒன்றுமில்லை.

"ஓடாத பஸ்ஸுக்கு என்ன காசு ஐயா?" என்று சம்பளம் கொடுக்கும் டிப்போ கந்தோரில் என்னிடமே கேட்டார்கள்.

அதே ஏற்றத்தில் நாம் நின்றது நினைவிருக்கிறதா நானா? நம்முடைய தெல்தெனிய பஸ், படியிலும் ஆட்கள். கைபிரேக்கை நீங்கள் நம்பவில்லை. சில்லுக்குப் பின்னால் நான் கல் வைத்த பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"நானா, பஸ்ஸ எடுக்கிற எண்ணமே இல்லையா?" என்று ஓர் அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"முன்னுக்கு ஆனை, பின்னுக்கு சனம். எங்க எடுக்க சொல்றீங்க?"

பஸ்ஸே சிரித்தது. நீங்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். "நான் கால எடுத்தா இவங்க எல்லாருக்கும் ஆத்துலதான் டீ" என்றீர்கள். பணிஸைப் பிய்த்து உங்கள் வாயில் வைத்தேன். பாதை திறந்தபோது உங்கள் கால் மரத்துப்போயிருந்தது. நான் குனிந்து தேய்த்துவிட்ட பிறகுதான் பஸ் நகர்ந்தது. டீசல் வாடையும் உங்கள் அத்தர் வாசமும் கலந்த அந்தக் காற்று இனி எங்கே கிடைக்கும்?

அன்றைக்கும் நமக்கு எதுவும் தரவில்லை. கேட்கக் கிளம்பிய என்னைத் தடுத்தீர்கள். "வருஷத்துக்கு ஒருக்கா வார விஷயம், உட்டுடு தம்பி." அதில் மட்டும் உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். நாம் விட்டது இப்போது மகன் தலையில் வந்து நிற்கிறது.

ரியாஸ் என்னைச் சாச்சா என்றுதான் கூப்பிடுகிறான், வாப்பாவின் கூடப்பிறந்தவனைப் போல. அவனும் உங்களை மாதிரியே பயப்படுகிறான்.

"உடுங்க சாச்சா, கந்தோர்ல பேர் கெட்டுப்போகும். வாப்பா உசிரோட ஈந்தாலும் உடத்தான் சொல்லுவார்."

"அவரு சொல்லுவாரு. நான் கேக்க மாட்டேன்."

டிப்போ முகாமையாளர் ட்ரிப்பை விட்டுவிட்டு, வேலையில் இருந்த நேரத்தை எண்ண வேண்டும். சாரதிக்குத் தருவதைக் கொண்டக்டருக்கும் தர வேண்டும். பாதையை மூடும் பொலிஸ், மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் இதைப் பேசாமல் மேசையை விட்டு எழும்பக் கூடாது. ரியாஸ் தன் வாயால் கேட்க வேண்டும். கால் வலித்தாலும் நான் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கொடுத்துவிட்டார்கள் என்றால் அன்றே உங்களை அடக்கம் செய்த கபுறடிக்கு வந்து சொல்கிறேன். நான் வரவில்லை என்றால், இன்னும் கந்தோர் வாசலில்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
பழைய கொண்டக்டர் செல்லையா